நகரும் புள்ளி – 17: சோழிகளில் ஓடிய நிலா

போன வாரம் நிலை வெக்டரை நேரத்தால் வகையிட்டுத் திசைவேகம் எடுத்தோம். இந்த வாரம் முடுக்கம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஜான் வாரன் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயர் படையில் இருந்தவர். சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். 1830-ல் புதுச்சேரியில் இறந்தார். 1825-ல் அவர் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் இந்த ஊர்ப் பஞ்சாங்கக்காரர் வருகிறார். பெயரை ‘சாமி நாடன் சாஷியா’ என்று வாசிக்கும்படி எழுதியிருக்கிறார் வாரன். அந்த ஆண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அந்தப் பஞ்சாங்கக்காரர் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளை அடுக்கிக் கலைத்து அடுக்குகிறார், அட்டவணைகளெல்லாம் மனப்பாடம். கிரகணத் தொடக்கத்தில் பிசகு வெறும் 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

அவருக்குக் கோட்பாடு ஒன்றும் தெரியாது, நல்ல நினைவாற்றல் மட்டும்தான் என்கிறார் வாரன். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த நினைவுக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள்.

வாக்கியப் பஞ்சாங்கம் என்கிறோமே, அந்த வாக்கியங்கள்தான் இருந்தன. பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியில் புறப்படும் நிலா, 248 நாளில் ஏறக்குறைய 9 முறை அதே புள்ளிக்குத் திரும்புகிறது. அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம். அதன் எழுத்துகளே எண்கள். வரருசி பெயரில் வழங்கும் பட்டியலில் முதல் நான்கு நாளில் நிலா நகர்ந்திருக்கும் கோணம்: 12 பாகை 3 கலை, 24 பாகை 9 கலை, 36 பாகை 22 கலை, 48 பாகை 44 கலை. பாகைக்கு 60 கலை.

ஒன்றிலிருந்து முந்தையதைக் கழியுங்கள். 12 பாகை 3 கலை, 12 பாகை 6, 12 பாகை 13, 12 பாகை 22. இது நாள்கதி, அதாவது கோண வேகம். மறுபடி கழித்தால் 3, 7, 9 கலை. கோண முடுக்கம்! பென்சிலும் கையுமாக இதைக் கழித்துப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நிலா வேகம் பிடிப்பது அந்த நான்கே வரியில் தெரிகிறது. இரண்டு வாரத்தில் கதி 14 பாகையைத் தாண்டிவிடும்.

வாக்கியம் சொல்வது சூரிய உதய நேரத்து நிலையை. கிரகணம் சூரிய உதயத்துக்குக் காத்திருக்காதே. அதனால் அன்றைய கதியை 60 நாழிகைக்குப் பங்கிட்டுக் கொள்கிறார்கள்: ஒரு நாளுக்குள் வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வது. நாளைச் சுருக்கி நாழிகை, நாழிகையைச் சுருக்கி விநாழிகை என்று போய்க்கொண்டே இருந்தால் வகைநுண்கணிதத்தின் வாசல் வந்துவிடும். 1150-ல் பாஸ்கராச்சாரியர் சித்தாந்த சிரோமணியில் ‘தாத்காலிக கதி’ என்று அந்தக் கணத்துக்குரிய வேகத்தைத் தனியாகப் பேசுகிறார்.

வாரனுக்கு அரை நூற்றாண்டு முன்பே பிரெஞ்சு வானியலாளர் லெ ஜந்தீல் இந்தக் கணக்கை இங்கே கற்றார். 1761-ல் சூரியன்மேல் வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க வந்தவர் அவர். ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்திருந்ததால், ஆடும் கப்பலிலிருந்து அளவெடுக்க முடியாமல் பார்த்தார். அடுத்த கடப்புக்காகத் தங்கிவிட்டார். 1768-ல் இங்கு வந்து, இடிந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. அந்தத் துயரத்தைத்தான் உலகம் சொல்கிறது. அறிவியல் அகாதமியைச் சேர்ந்த ஒருவர் இந்த ஊர்த் தமிழரிடம் உட்கார்ந்து சோழிக்கணக்கு பயின்றார் என்பதையும் அதே அளவு சொல்லவேண்டும்.

சரி, முடுக்கம். 3, 7, 9 என்று கோண வேகம் ஏறுகிறது. ஆனால் பூமி நிலாவைத் தன் பக்கமாக மட்டுமே இழுக்கிறது. பக்கவாட்டில் தள்ள எதுவும் இல்லை (சூரியனின் இழுப்பை இப்போதைக்கு ஒதுக்குவோம்). அப்படியானால் கோண வேகம் ஏன் கூடவேண்டும்? வாக்கியங்களில் இல்லாத ஒன்று, பூமிக்கும் நிலாவுக்கும் இடையிலான தூரம், நாளுக்கு நாள் குறைகிறது. தூரத்தையும் கோணத்தையும் சேர்த்தே வகையிட்டால் இரண்டும் மாறும் வீதங்களைப் பெருக்கிய ஓர் உறுப்பு கிடைக்கும். விடை அதில் இருக்கிறது. அந்த வகையீட்டை அடுத்த வாரம் முழுசாகச் செய்வோம். அதற்குள் 3, 7, 9-க்கு அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று கணித்து வையுங்கள்.