ஸ்ரீரங்கத்துக் கிளை துவாக்குடிக்கு வருவது எப்படி?

திருச்சி உச்சிப் பிள்ளையார் கோயிலில் நின்று வடக்கே நோக்கியிருக்கிறீர்களா? முன்னே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அதற்கும் அப்பால் கொள்ளிடம். முக்கொம்பு வரை ஒன்றாக வந்த ஆறுதான் அங்கே இரண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு தீவை விட்டுச் செல்கிறது. கணிப்பொறி நிரல்களிலும் இப்படிக் கிளைகள் உண்டு. ஆனால், ஆறு கிளை பிரிந்தால் நீர் பங்காகிவிடும்; நிரல் கிளை பிரிந்தால் இரண்டு கிளைகளிலும் முழு நிரலும் இருக்கும்!

இப்போது ஒரு சிறு கணக்கு. ‘ஸ்ரீரங்கம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஸ்ரீ, ர, ங், க, ம் என ஐந்து என்பீர்கள். கணிப்பொறியோ யூனிகோடு முறையில் அதை 10 குறியீடுகளாகச் சேமிக்கிறது. புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும்கூட அங்கே தனித்தனி எண்கள். ஆகவே, நாம் எண்ணுவதுபோல் எண்ண அதற்குத் தனி நிரல் வேண்டும். ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறந்த நிரல் தொகுப்பு இத்தகைய வேலைகளுக்கென்றே எழுதப்பட்டது.

இதில் ஒரு வம்பும் உண்டு. 2005-ஆம் ஆண்டு யூனிகோடில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. அதன்பின் ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கியும் உள்ளிடலாம், ஶகரத்தில் தொடங்கியும் உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் திரையில் தெரியும் வடிவம் ஒன்றே. உள்ளே இருக்கும் எண்கள்தாம் வேறு.

துவாக்குடியில் இருக்கும் நீங்கள் இப்படி எழுத்தெண்ணும் நிரல் ஒன்றைப் பராமரிப்பதாக வைத்துக்கொள்வோம். அது இரண்டாம் வகை ‘ஸ்ரீ’யைத் தவறாக எண்ணுகிறது. ஸ்ரீரங்கத்து மாணவி ஒருத்தி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். உங்கள் களஞ்சியத்தில் எழுத அவளுக்கு உரிமை இல்லை. எனவே, அதற்குத் தனக்கென ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் ஒரு கிளை தொடங்கித் திருத்தம் செய்கிறாள். பிறகு, ‘என் கிளையை இழுத்துக்கொள்ளுங்கள்’ என்று வேண்டுகோள் அனுப்புகிறாள். இதற்குப் ‘புல் ரிக்வெஸ்ட்’ என்று பெயர்.

திரையில் பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிடுகிறீர்கள். இரண்டிலும் அதே ‘ஸ்ரீ’! கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. அவளுடைய கிளையை உங்கள் கணிப்பொறிக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

கிளைகளைக் காக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கினார். அதனிடம் ‘ஃபெட்ச்’ ஆணையிட்டு அவளுடைய கிளையைக் கேளுங்கள். அப்படி ஒரு கிளையே இல்லை என்று கையை விரிக்கும். அது பொய் சொல்லவில்லை. உங்கள் கிட்டுக்குத் தெரிந்தது ‘ஆரிஜின்’ என்ற ஒரே முகவரி. அது உங்கள் மூலக் களஞ்சியம். அவளுடைய கிளை இருப்பதோ அவளுடைய நகலில்.

அவளுடைய நகலின் முகவரியையும் கிட்டில் பதிந்துவைப்பது ஒரு வழி. நூறு பேர் திருத்தம் அனுப்பினால் நூறு முகவரிகள் சேரும், அலுப்பான வேலை. ‘கிட்ஹப்’ தளத்தில் இதைவிட எளிய வழி உண்டு. வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் மூலக் களஞ்சியத்திலேயே ஒரு குறிப்பை அது வைத்துக்கொள்கிறது. வேண்டுகோளின் எண் 45 என்றால் அந்தக் குறிப்பு ‘புல்/45/ஹெட்’. வழக்கமான ஃபெட்ச் இதைத் தானாகக் கொண்டுவராது; பெயர் சொல்லிக் கேட்டால்தான் தரும். மாணவி தன் நகலையே அழித்துவிட்டாலும் இந்தக் குறிப்பு அழியாது. கொண்டுவந்த கிளைக்கு ‘சோதனை-45’ போன்ற புதுப் பெயரைச் சூட்டுங்கள். பலர் தம் திருத்தத்தை ‘மெயின்’ என்ற கிளையிலேயே செய்து அனுப்புவார்கள். உங்களிடமும் அதே பெயரில் ஒரு கிளை இருக்குமல்லவா?

மறுநாள் மாணவி தன் பழைய பதிவுகளை மாற்றி எழுதி மீண்டும் அனுப்பிவிட்டாள் என்றால்? உங்களிடம் இருப்பது நேற்றைய கிளை. புதியதை அதன்மேல் இணைக்க முயன்றால் பழையதும் புதியதும் பின்னிக்கொள்ளும். பழையதை எறிந்துவிட்டுப் புதிதாகக் கொண்டுவருவதே நல்லது. எது புதியது என்று எப்படி அறிவது? கிட் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு 40 இலக்க அடையாளம் தருகிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் மாறிவிடும். நீங்கள் ஓட்டிப் பார்த்த பதிவின் அடையாளமும் இணைக்கப்போகும் பதிவின் அடையாளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அவசரத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான்.

அறியாதவரின் நிரலை ஓட்டும் முன் அதைப் படித்துப் பார்ப்பதும் அவசியம். ஆனால், படிப்பதும் ஓட்டுவதும் ஒரே நிரலாக இருக்க வேண்டுமே! உலகெங்கும் லினக்ஸ் கணிப்பொறிகளில் பயன்படும் ‘எக்ஸ்ஸெட்’ என்ற சுருக்கு நிரலின் இரு வெளியீடுகளில் 2024-இல் யாரோ ஒரு கள்ளக் கதவைப் புகுத்தியிருந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அந்த மார்ச் மாதம் அதைக் கண்டுபிடித்தார். அந்தக் கதவைத் திறந்துவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டுக்கெனக் கட்டிவைத்த தொகுப்பில் மட்டுமே இருந்தன.