கமலை மாடு நடந்தால் கூனை எவ்வளவு வேகத்தில் ஏறும்?

சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மின்மோட்டார் வருமுன் கிணற்று நீரை இறைத்தது கமலை. மாடுகள் சரிவில் இறங்க, நீர் அள்ளும் கூனை செங்குத்தாக மேலே வரும். திசை வேறு. வேகம்?

மாட்டையும் கூனையையும் இணைத்து உருளைமீது ஓடும் வடம் நீளாது, சுருங்காது என்று கொள்வோம். உருளைக்கு மாட்டுப் பக்கம் ஒரு மீட்டர் கூடினால், கிணற்றுப் பக்கம் ஒரு மீட்டர் குறைந்தே தீரும். மாடு நொடிக்கு 0.6 மீட்டர் நடந்தால் கூனையும் 0.6 மீட்டர் ஏறும். 9 மீட்டர் ஏற 15 நொடி ஆகும். சரிவுப் பாதையும் 9 மீட்டராவது வேண்டும்.

கூனையின் தோல் வாலை மடக்கிப் பிடிக்கும் வால்கயிறும் வடம் கட்டிய அதே நுகத்தடியில்தான் கட்டப்பட்டிருக்கும். அதனால் இரண்டுக்கும் ஒரே வேகம். ஆனால் வடம் உயரத்து உருளைமீது ஓடும். வால்கயிறு கிணற்று விளிம்பிலுள்ள உருளைமீது ஓடும். விளிம்பைத் தாண்டிக் கூனை மேலே போக, வால் தொட்டிப் பக்கம் இழுபட்டு நிமிரும். தண்ணீர் தானாகக் கொட்டும். எவ்வளவு நேர்த்தியான பொறியியல்!

சுமையோடு உருளையும் நகர்ந்தால்? கிரேன் கொக்கியைப் பாருங்கள். அதை ஒரே கயிற்றின் 2 பகுதிகள் தாங்கினால், கொக்கி 1 மீட்டர் ஏற ஒவ்வொன்றிலும் 1 மீட்டர் குறைய வேண்டும். மொத்தம் 2 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். எனவே கொக்கியின் வேகம் பாதி. 4 பகுதிகள் என்றால் கால் பங்கு. பதிலுக்கு, உராய்வை விட்டுவிட்டால், கால் பங்கு விசையே போதும்.

எந்தக் கப்பிக் கணக்குக்கும் இதுவே வழி: கயிற்றின் மொத்த நீளத்தை எழுதுங்கள். அது மாறாது, ஆகவே பகுதிகளின் மாற்றங்களைக் கூட்டினால் பூஜ்யம். வேகங்களின் உறவு அதிலேயே கிடைத்துவிடும்.