குனிந்தால் மூச்சு முட்டுகிறதா?

அத்தைக்கு எடை 86 கிலோ. ஒரு மார்கழியில் கோலம் போடக் குனிந்தவர், நாலு புள்ளி வைப்பதற்குள் மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் கையூன்றி நிமிர்ந்தார். "உடம்பு கனத்துப் போச்சு, அதான் இளைக்குது" என்று அவரே காரணமும் சொல்லிவிட்டார். நாங்களும் தலையாட்டினோம். இரண்டு வருடம் கழித்து, கால் வீங்கிய பிறகுதான் எக்கோ எடுத்தோம். இதயச் செயலிழப்பு. அந்த இரண்டு வருடம் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

குனிந்ததும் மூச்சு முட்டுவதை அமெரிக்காவின் டாலஸ் நகர மருத்துவர்கள் 2014-இல் தனி அறிகுறியாகவே பதிவு செய்தார்கள். இதயச் செயலிழப்பு உள்ள 102 பேரை நாற்காலியில் உட்கார வைத்துப் பாதத்தைத் தொடச் சொன்னார்கள். 29 பேருக்கு அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கியது. குனியும்போது இதய அறைகளுக்குள் அழுத்தம் எகிறுவதே காரணம்.

பருமனுக்கும் இதில் பங்குண்டு. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நெஞ்சுக்கூடு தாராளமாக விரிய முடியாமல் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. மாடிப்படி ஏறும்போது கனத்த உடம்பைத் தூக்கக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய இதயமோ ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. ஆகவே இளைப்பு எடையாலா, இதயத்தாலா என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிட முடியாது.

சோதனைகளையும் எடை குழப்பும். முகமூடி மாட்டி டிரெட்மில்லில் நடக்கவிட்டு, உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனை அளப்பார்கள். அதை மொத்த எடையால் வகுத்து, நிமிடத்தில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். கொழுப்பு ஆக்சிஜனை மிகக் குறைவாகவே செலவழிக்கிறது. அதையும் சேர்த்து வகுத்தால் பருமனானவரின் இதயம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். கொழுப்பை நீக்கிய எடையால் வகுப்பது நியாயமானது. இதயம் திணறும்போது இரத்தத்தில் கூடும் பிஎன்பி என்ற பொருளை அளக்கும் சோதனையில் நேர்மாறு. பருமனானவர்களுக்கு அந்த அளவு இயல்பிலேயே குறைவாக இருக்கும் என்பதால், நோய் இருந்தும் 'நார்மல்' என்று வந்துவிடலாம். எனக்குக் கவலை தருவது இதுதான்.

எடை குறைந்தால் மூச்சு லேசாகுமா? 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயம் விரிய முடியாமல் விறைத்துப்போன பருமனான 529 பேர் கலந்துகொண்டார்கள். எடை குறைக்கும் செமாக்ளூடைடு ஊசி போட்டவர்களின் எடை ஒரு வருடத்தில் சராசரியாக 13 சதவீதம் குறைந்தது. ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம் சுமார் 20 மீட்டர் கூடியது. மருத்துவர் சொல்லாமல் இந்த ஊசியைத் தொடக்கூடாது. முயற்சி எதுவும் இல்லாமல் எடை தானாகக் கரைந்தாலும் உடனே சொல்லுங்கள்; அப்போது தசையும் சேர்ந்து கரைந்துகொண்டிருக்கலாம்.

அத்தை இப்போது தினமும் காலையில் காபிக்கு முன்னால் எடை பார்த்துத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வைக்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோற்றால் வந்த எடை அல்ல, உடம்பில் கோத்த நீர். போன மாதம் அப்படி ஏறியது. இளைப்பு வரும்வரை காத்திருக்காமல் அன்று மதியமே மருத்துவருக்குப் போன் செய்துவிட்டார்.