கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தையும் பள்ளிக்கூடமும்



கடப்பாக்கம் பக்கத்தில் சோறும் மீன் குழம்பும்தான் நமது அன்றாட உணவு. கோதுமையால் ஒரு குழந்தைக்கு நோய் வரும் என்றால் பலரும் நம்பமாட்டார்கள். ஆனால் அப்படி ஒரு நோய் உண்டு. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

நோய் என்ன?

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் உள்ளது. இந்நோய் உள்ள குழந்தை அதைச் சாப்பிட்டால் சிறுகுடலின் உட்புறம் கெடுகிறது. பிறகு எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. அடிக்கடி பேதி, வயிறு உப்புசம், சோகை, எடையும் உயரமும் ஏறாமை ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்குப் பேதியே இராது. இது தொற்றுநோய் அல்ல.

2016-ல் வெளியான ஆய்வின்படி, வட இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்நோய் உள்ளது. நம் பக்கம் அரிது என்பதால், "பூச்சித் தொல்லையா இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள்.

முதலில் பரிசோதனை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவையானால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். இரத்தப் பரிசோதனையும், சிறுகுடல் பரிசோதனையும் செய்து நோயை உறுதி செய்வார்கள். அதுவரை கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

நோய் உறுதியானால் கோதுமை, பார்லி உள்ளிட்ட குளூட்டன் உள்ள உணவை ஆயுள் முழுதும் விலக்க வேண்டும். இதுவே சிகிச்சை.

பள்ளியில் கவனம்

வீட்டில் இட்லி, தோசை, புட்டு, கேழ்வரகுக் கூழ் இருக்கின்றன. சிக்கல் பள்ளியில்தான். 2022-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவான காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவா உப்புமா, சேமியா கிச்சடி, கோதுமை ரவா ஆகியவை இடம்பெற்றன. ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமையே. அதே பட்டியலில் அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் இருந்தன. ஆகவே கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பள்ளிக்குச் சென்று பேசுங்கள்.

1. மருத்துவர் எழுதிய சீட்டைத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள்.

2. சமையல் செய்யும் அம்மாவிடம் எந்த நாளில் என்ன சமையல் என்று கேளுங்கள். ரவை, சேமியா நாட்களில் வீட்டிலிருந்து இட்லி கொடுத்தனுப்புங்கள்.

3. உப்புமா கிளறிய கரண்டியை மற்றதில் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தைக்குத் தனித் தட்டு, தம்ளர் கொடுங்கள்.

4. மதியச் சத்துணவில் சோறும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடலாம். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்ந்திருக்கும். பொட்டலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் பிஸ்கட், கேக் கொடுப்பார்கள். அந்நேரம் நம் குழந்தை ஏங்கக் கூடாது. கடலை மிட்டாய், பொரி உருண்டை ஒரு டப்பாவில் போட்டு ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.

6. மைதாப் பசை தொட்டால் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும் என்று பழக்குங்கள்.

"ஒரு வாய்தானே, என்ன ஆயிடப் போவுது?" என்று பாட்டியோ பக்கத்து வீட்டாரோ சொல்லலாம். ஒரு வாயும் குடலைக் கெடுக்கும். உடனே வயிறு வலிக்காததால் கெடுதல் இல்லை என்று நினைக்காதீர்கள்.

குழந்தைக்கும் சொல்லிக் கொடுங்கள். "எனக்குக் கோதுமை ஒத்துக்காது, வேணாம்" என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தனியே உட்கார வைக்காமல், மற்றப் பிள்ளைகளோடு பந்தியில் அமர்த்தும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். கோதுமையை விலக்கிய குழந்தைக்குக் குடல் தேறும், எடை ஏறும், படிப்பிலும் விளையாட்டிலும் ஊக்கம் வரும். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரை இன்றே கேளுங்கள்.