தோற்ற மல்லன்

புறநானூற்றிலே மற்போரைப் பாடும் பாட்டுக்கள் சில உள. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லன் ஒருவனோடு பொருதான். அப்போரைச் சாத்தந்தையார் என்னும் புலவர் நம் கண்முன்னே நிகழ்வது போலக் காட்டுகின்றார். கிள்ளியின் ஒரு கால் மல்லன் மார்பிலே மடிந்து ஊன்றுகின்றது. மற்றைக் கால் அவன் முதுகை வளைக்கின்றது. பசி மிகுந்த யானை மூங்கிலை முறிக்க முயலுமாறு போல, தலையும் காலும் ஒருங்கே ஒடிய மோதி வெல்லுகின்றான் கிள்ளி. தந்தையாகிய தித்தன், விரும்பினும் விரும்பாவிடினும், இவ்வெற்றியைக் காணல் வேண்டும் என்பது புலவரின் ஆசை. கிள்ளிமேற் காதல் கொண்ட நக்கண்ணையாரும் அவன் வெற்றியைப் பாடியிருக்கின்றார்.

வென்றவனுக்குப் பாட்டு உண்டு. பனையடியிலே சாய்ந்து நின்று பார்க்கக் காதலி உண்டு. தோற்றவனுக்கு ஒரு பெயர்தானும் இல்லை. ஆமூர் மல்லன் என்பது ஊரும் தொழிலும் சேர்ந்த ஒரு குறியே.

இப்பாட்டைப் பாடஞ் சொன்ன ஒரு நாள், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த மல்லன் பிறகு என்ன ஆனான்?" என்று வினவினான். நல்ல வினா. கிள்ளி மல்லனைப் பொருது அட்டான் என்பது பாட்டின் கீழுள்ள குறிப்பு. அடுதல் என்னுஞ் சொல்லுக்குக் கொல்லுதல் என்றும் பொருள் உண்டு; வெல்லுதல் என்றும் பொருள் உண்டு. கொன்றான் என்று கொண்டால் மல்லன் கதை அங்கே முடிந்தது. வென்றான் என்று கொண்டால் அங்கேதான் தொடங்குகின்றது. மறுநாட் காலை அவன் தன் ஊர்த் தெருவிலே எவ்வாறு நடந்தான்? ஊரவர் முகத்தை எவ்வாறு நோக்கினான்?

அகநானூற்றிலே பரணர் ஒரு செய்தி தருகின்றார். பாணன் என்னும் மல்லனோடு ஆரியப் பொருநன் ஒருவன் பொருது, முழவு போன்ற தோள்கள் முறிந்து கிடந்தான். அக்கிடையை நோக்கிக் கணையன் என்பான் நாணினானாம். தோள் முறிந்தது ஒருவனுக்கு. நாணம் வந்தது பார்த்து நின்றவனுக்கு. பார்த்தவனுக்கே அத்துணை நாணம் எனின், கிடந்தவன் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்? அதனைப் பரணர் சொல்லவில்லை.

பொய்த் தாடி

சங்க காலத்து மல்லர் தம் தோல்வியைத் தாமே பேசவில்லை. பிற்காலத்து வீரர் சிலர் பேசியிருக்கின்றனர். அவருள் முதற்கண் எண்ணத்தக்கவர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் புளோயிட் பற்றர்சன்.

பற்றர்சன் 1935இலே பிறந்தவர். நியூயோர்க் நகரின் வறிய பகுதியொன்றிலே வளர்ந்தவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியிலே தங்கப் பதக்கம் பெற்றார். 1956இல், 21ஆவது அகவையிலே, பாரவெடைப் பிரிவின் உலக வெற்றி வீரரானார். அவ்வளவு இளமையிலே அப்பட்டத்தை அதற்கு முன் எவரும் பெற்றாரல்லர். 1959 ஜூன் மாதத்திலே சுவீடன் நாட்டு இங்கெமார் யொகான்சன் அவரை மூன்றாஞ் சுற்றிலே ஏழு முறை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். பற்றர்சன் வெளியே வர நாணி, வாரக்கணக்காக வீட்டினுள்ளே அடைந்து கிடந்தார்.

மறு ஆண்டிலே அவர் யொகான்சனை வென்று பட்டத்தை மீட்டார். இழந்த பாரவெடைப் பட்டத்தை மீட்ட முதல் வீரர் அவரே. ஆயினும், தோல்வியைப் பற்றிய அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. 1962 செப்டெம்பர் 25ஆந் திகதி சிக்காகோவிலே சொனி லிஸ்ரனோடு பொருதபோது, பொய்த் தாடியும் மீசையும் கொண்டு சென்றிருந்தார். முதற் சுற்று முடியுமுன்னரே வீழ்ந்தார். அன்றிரவு தாடியை ஒட்டிக்கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாமல், மோட்டார் வண்டியிலே நியூயோர்க்கை நோக்கிச் சென்றார். பின்னர் அந்த வேடத்துடனேயே ஸ்பெயின் நாட்டு மட்ரிட் நகருக்கு விமானம் ஏறினார். அங்கே வேற்றுப் பெயரிலே தங்கி, கால் ஊனமுற்ற முதியவர் போல நொண்டிக்கொண்டு ஏழைகள் வாழும் தெருக்களிலே திரிந்தார். ஓர் உணவுச்சாலையிலே சூப் வாங்கிக் குடித்தார். சூப் அவருக்குப் பிடியாதது. முதியவர் ஒருவர் அதனைத்தான் கேட்பார் என்று எண்ணிக் குடித்தாராம்!

இவற்றையெல்லாம் அவரே கே ரலீஸ் என்னும் எழுத்தாளருக்குச் சொன்னார்; 1964இலே அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அடிபட்டு விழுந்த கணத்திலே நோவு இல்லை, ஓர் இன்ப மயக்கமே உண்டு என்கின்றார் பற்றர்சன். மயக்கந் தெளிந்து, சுற்றியிருப்போரைக் கண்டு, நடந்ததை உணரும்போதுதான் துன்பந் தொடங்குகின்றது. அப்போது மேடையிலே ஒரு கதவு திறந்து தம்மை உள்வாங்கிக் கொள்ளாதா என்றிருக்குமாம். உலகத்தை அடித்து வீழ்த்திய கைகளை உடையவர், தம்மைக் கோழை என்று கூறிக்கொண்டார். அடிக்கு அஞ்சிய கோழைமை அன்று அது. தோற்ற பின்னர்ப் பிறர் முகத்தை நோக்க இயலாமை.

தொல்காப்பியர் கூறிய நான்கு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அழுகைக்கு நான்கு நிலைக்களங்கள் வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பேராசிரியர் உரையின்படி, இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். இழவாவது உற்றாரையும் இன்பந் தருவனவற்றையும் இழத்தல். அசைவாவது பண்டைய நிலை கெட்டு வேறொரு நிலையினனாய் வருந்துதல். வறுமையாவது நுகரப் பெறாத பொருள்மேற் பற்று நீங்காத உள்ளம். தோற்ற மல்லனிடத்து இந்நான்கும் ஒருங்கே வந்து சேர்கின்றன என்பது என் துணிபு.

பற்றர்சன் தாடி ஒட்டியது இளிவுக்கு அஞ்சி. இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகற், 2021இலே டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் தோற்று நாடு திரும்பியபோது, ஆறுதலுக்கு மாறாகச் சம்மேளனத்தின் தற்காலிகத் தடையே எதிர்கொண்டது. ஏறிய விரைவிலேயே வீழ்த்தவும் படுகின்றோம் என்னுங் கருத்துப்படத் தம் மனச்சோர்வைப் பத்திரிகையிலே எழுதினார்.

இழவுக்கும் அசைவுக்கும் சான்று அமெரிக்கப் பெண்மணி றொண்டா றௌசி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலே ஜூடோவில் வெண்கலப் பதக்கம் பெற்றவர்; பின்னர்க் கலப்புத் தற்காப்புச் சண்டையிலே பொருத 12 போரிலும் வென்றவர். 2015 நவெம்பரிலே மெல்பேணில் ஹொலி ஹோம் என்பவரின் உதையினால் இரண்டாஞ் சுற்றிலே வீழ்ந்தார். மருத்துவ அறையிலே இருந்தபோது, இனி யான் யார் என்னும் வினா எழுந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமே வந்ததென மூன்று திங்களின் பின் தொலைக்காட்சியிலே வெளிப்படையாகக் கூறினார். வெற்றியே தான் என்று வாழ்ந்தவருக்கு, வெற்றி போனவுடன் தானும் போயிற்று என்று தோன்றுகின்றது. நல்லூழாக, அவர் அவ்வெண்ணத்தைக் கடந்து வாழ்ந்தார்.

வறுமை, மீண்டும் பொருது மீட்பேன் என்னுந் தீராத வேட்கை. பற்றர்சன் 1963இலே மீண்டும் லிஸ்ரனை எதிர்த்தார். மீண்டும் முதற் சுற்றிலேயே வீழ்ந்தார்.

ஆயின், வென்றாருக்கு இந்நோய் வருவதில்லையோ? வரும். ஆங்கிலேய வீரர் ரைசன் பியூரி 2015 நவெம்பரிலே கிளிச்கோவை வென்று உலகப் பட்டம் பெற்றார். அதன் பின்னரே கொடிய மனச்சோர்வில் ஆழ்ந்தார். 2018 வரையும் மேடையேறவில்லை. ஆகவே தோல்வி மட்டுமே காரணம் என்றல் பொருந்தாது. வாழ்வு முழுவதையும் ஒரே தூணின்மேல் நிறுத்தினால், அத்தூண் சரிந்தாலும் கேடு. அதன் உச்சியை அடைந்து, இனி ஏற இடமின்றி நின்றாலும் கேடு.

போர் விளையாட்டுக்குச் சிறப்பாக உரிய துன்பம் வேறும் உண்டு. பந்தாட்டத்திலே தோல்வியைப் பதினொருவர் பகிர்ந்துகொள்வர். இங்கே ஒருவனே தாங்குதல் வேண்டும்; அதுவும் அரையாடையோடு, விளக்கொளியிலே, ஆயிரம் பேர் பார்க்கத் தாங்குதல் வேண்டும். அன்றியும், தலையிலே விழும் அடி மூளையையே தாக்குகின்றது. பன்முறை அடிபட்ட குத்துச்சண்டை வீரரின் மூளைக் கோளாற்றை மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் 1928இலேயே எழுதினார். மூளை அதிர்ந்தவருக்கு உறக்கமின்மையும் எரிச்சலும் துயரமும் வருதல் உண்டென இன்றைய மருத்துவர் கூறுவர். எனவே, தோற்ற வீரனின் சோர்வை மனவலியின்மை என்று இகழ்தல் அறியாமை. அது காயத்தின் விளைவாகவும் இருக்கலாம்.

நாணும் உயிரும்

ஈண்டுத் தமிழாசிரியராகிய நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெண்ணிப் பறந்தலையிலே கரிகாலனோடு பொருத பெருஞ்சேரலாதன், தன் முதுகிலே புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். அந்த நாணைப் புலவர் போற்றினர். நாமும் வகுப்பிலே போற்றுகின்றோம். போற்றுதல் தவறன்று. ஆனால், நம் முன்னே இருப்போர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவருள் ஜூடோவோ கராத்தேயோ குத்துச்சண்டையோ பயில்வோர் உளர். ஒரு புள்ளியாலே தோற்றுவந்த பிள்ளையின் செவியிலே, தோற்றவனுக்கு உயிரினும் நாணே பெரிது என்னும் பாடம் எவ்வாறு விழும்? அரசன் ஒருவன் போர்க்களத்திலே கொண்ட அறத்தை விளையாட்டு மைதானத்துக்கு அளவுகோலாக்குதல் பொருந்தாது என்று சொல்லிவிட்டே அப்பாட்டைத் தொடங்குதல் நலம்.

சொல்லுவதற்கு நம் நூல்களிலேயே இடமும் உண்டு. வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நேரே நோக்கி, உன்னிடம் தோற்றவன் உன்னினும் நல்லன் அல்லனோ என்று கேட்டார். வென்றவனின் அவையிலே தோற்றவனின் பெருமையைப் பேசிய நா அது. அந்தப் புலவர் பேசத் தொடங்குமுன் சேரலாதன் வடக்கிருந்துவிட்டான் என்பதே துயரம். அச்சொல் காலத்தோடு அவன் செவியிலே விழுந்திருந்தால்? இடைக்குன்றூர் கிழாரோ, ஒருவனை ஒருவன் வெல்லுதலும் ஒருவனுக்கு ஒருவன் தோற்றலும் புதியன அல்ல, உலகத்து இயற்கையே என்றார். தோல்வி இயற்கையாயின், தோற்றவன் உலகத்துக்குப் புறம்பானவன் அல்லன்.

நாம் செய்யத்தக்கவை பெரியன அல்ல. பரிசு வாங்கியவனைத் தோளிலே தூக்கும் கூட்டத்திலிருந்து ஓர் ஆசிரியராவது பிரிந்து, தோற்றவன் இருக்குமிடத்துக்குச் செல்லுதல் வேண்டும். அறிவுரை அப்போது வேண்டியதில்லை. அருகே இருந்தாற் போதும். துயரம் சில நாளிலே தணிவது வழக்கம். இரண்டு கிழமைக்கு மேலும் உறக்கமும் ஊணும் குன்றி, நண்பரை விட்டு விலகி, இனி என்ன இருக்கின்றது என்று பேசுவானாயின், அஃது நோய். அவனிடம் உயிரை வெறுக்கும் எண்ணம் உண்டோ என்று அன்போடு நேரே கேட்டல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் எழுவதில்லை. தோள் முறிந்தவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுகின்றோம். நெஞ்சம் முறிந்தவனையும் அவ்வாறே தாமதியாது அழைத்துச் செல்லுதல் கடன். விளையாட்டுக்கு அப்பாலும் அவனுக்கு ஒரு கல்வி, ஒரு தொழில், ஒரு நட்பு இருக்குமாறு முன்னரே பார்த்துக்கொள்ளுதல் அதனினுஞ் சிறந்தது.

பற்றர்சன் 1972 வரை பொருதார். பிறகு நியூயோர்க் மாநிலத்து நியூபோல்ற்ஸ் என்னும் ஊரிலே இளைஞருக்குக் குத்துச்சண்டை பயிற்றினார். அவர் மகனாக ஏற்று வளர்த்த இளைஞர் 1992இலே உலக வெற்றி வீரரானார். முதுமையிலே மறதிநோய் வந்துற்றது, 2006இலே காலமானார். மிகப் பல முறை வீழ்த்தப்பட்டவர் என்று தம்மைப் பிறர் சொல்லுவர், மிகப் பல முறை எழுந்தவரும் தாமே என்று அவர் கூறியதுண்டு.

அவர் செயல்களுள் என் நெஞ்சை விட்டு அகலாதது ஒன்று. 1960 ஜூன் 20ஆந் திகதி யொகான்சனை அவர் வீழ்த்தியபோது, அரங்கம் முழுவதும் ஆரவாரித்தது. யொகான்சன் உணர்வின்றிக் கிடந்தார். உலகப் பட்டத்தை மீட்ட அந்தக் கணத்திலே, பற்றர்சன் தோற்றவர் அருகே முழந்தாளிட்டு, அவரைக் கைகளிலே தாங்கி, மீண்டும் பொருதற்கு வாய்ப்புத் தருவதாக வாக்களித்தார். 1961 மார்ச்சிலே அவ்வாக்கைக் காத்தார். முந்திய ஆண்டிலே வீட்டினுள்ளே நாணி அடைந்து கிடந்தவர் அவர். தரையிலே கிடப்பவனுக்கு அக்கணத்திலே என்ன வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.