ரவுட்டருக்கு முன் ஜன்னலைத் தேடுங்கள்!

ஐ.டி., பி.பி.ஓ. ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்கான விதிகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரில் பெருமளவு தளர்த்தியது. பல நிறுவனங்கள் ஊழியர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் மாதத்தில் சில நாள்களாவது சொந்த ஊரில் லேப்டாப்பைத் திறப்பவர்கள் நிறையப் பேர். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோகும் பொறுப்பு அரசின் டான்ஃபினெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வந்த கேபிள் நம் தெருவுக்கும் வரும்வரை கைகொடுப்பது, சிம் போட்டு இயக்கும் மொபைல் ரவுட்டர்தான்.

போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதாதா? அவசரத்துக்குப் போதும். நாள் முழுக்க என்றால் போன் சூடாகி பேட்டரி கெடும். போனோடு கடைக்குப் போனால் இன்டர்நெட்டும் கூடவே போய்விடும்!

எண்ணைப் பாருங்கள்

ரவுட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள வெவ்வேறு நிறுவன சிம்களைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, அறை அறையாகச் சிக்னலைப் பாருங்கள். போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதியில் சிம் ஸ்டேட்டஸுக்குள் போனால், சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். 4ஜி-யில் அது -90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது; -110-ஐத் தாண்டினால் மீட்டிங்கில் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

எண் நன்றாக இருந்தும் வேகம் குறையலாம். ஒரே டவரை ஊரே பயன்படுத்தும் மாலை நேரத்தில் இது சகஜம். அமெரிக்க ஷிஃப்ட் பார்ப்பவர் இரவிலும், பகல் வேலைக்காரர் பகலிலும் வேகத்தைச் சோதிப்பதே சரி.

எங்கே வைப்பது?

2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகம் தரும். ஆனால் கான்கிரீட் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரை ஊடுருவி வரும்; வேகம் குறைவு. அதனால் டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலோரமே ரவுட்டருக்கு உகந்த இடம். தகரக் கூரைக்கு அடியிலும் பீரோ பக்கத்திலும் வைக்காதீர்கள். அருகில் எங்கே டவர் இருக்கிறது என்பதை மத்திய அரசின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் பார்க்கலாம்.

மாடியில்தான் சிக்னல், கீழேதான் வேலை என்றால் ரவுட்டரை மாடி அறையில் வைத்து லேன் கேபிளைக் கீழே இறக்குங்கள். 100 மீட்டர் வரை அதில் வேகம் குறையாது. ரவுட்டரைக் கீழே வைத்து ஆன்டெனாவை மட்டும் மாடியில் பொருத்தினாலோ, அதன் கேபிள் நீள நீளச் சிக்னலைத் தின்றுவிடும். அனுமதியின்றிச் சிக்னல் பூஸ்டர் பொருத்துவது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்துப் போன்களையும் அது கெடுக்கும்.

எதை வாங்குவது?

உங்கள் சிம் நிறுவனத்தின் அலைவரிசைகளை ரவுட்டர் ஏற்கிறதா என்று பெட்டியிலேயே பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த ரவுட்டர் இங்கே பாதி வேகம்தான் தரக்கூடும். 5ஜி ரவுட்டர் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஜியோவின் 5ஜி, 4ஜி-யைச் சாராமல் தனித்து இயங்குவது. அந்த வசதி இல்லாத ரவுட்டரில் அது கிடைக்காது.

செட்டிங்ஸ்

சிம் போட்டும் நெட் வரவில்லையென்றால் ஏ.பி.என். என்ற சிம் நிறுவன இணைப்புப் பெயரைச் சரிபாருங்கள். வைஃபை பாஸ்வேர்டோடு, ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அலுவலக வி.பி.என். இணைந்தும் பக்கங்கள் திறக்காமல் நின்றால், ரவுட்டரில் எம்.டி.யூ. என்ற அளவை 1400-க்கோ அதற்குக் கீழேயோ குறைத்தால் பல நேரம் சரியாகிவிடும். வெளியூரிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நேரடியாக நுழைவது மட்டும் பெரும்பாலும் நடக்காது. ஏனென்றால், மொபைல் நெட்வொர்க்கில் பலருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரிதான் தரப்படுகிறது.

டேட்டாவும் கரண்டும்

ஒரு மணி நேர வீடியோ மீட்டிங், தரத்தைப் பொறுத்து 1 ஜி.பி. வரையும் அதற்கு மேலும் விழுங்கும். தினம் 2 ஜி.பி. திட்டம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு கிடைக்கும் 64 கே.பி.பி.எஸ். வேகத்தில் மெயில் திறப்பதே பாடு. விண்டோஸில் இந்த வைஃபையை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக டேட்டாவைத் தின்னாது. பேசாதபோது கேமராவை அணைத்துவிடுங்கள்.

பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. ஒரு மினி யூ.பி.எஸ். இருந்தால் கரண்ட் போனாலும் இணைப்பு அறுபடாது. ஆனால், நீண்ட மின்வெட்டில் டவரே அணையலாம். வேறு நிறுவன சிம் ஒன்றைப் போனில் வைத்திருப்பது நல்லது.

விலை கூடிய ரவுட்டர், இருக்கிற சிக்னலைத் திறமையாகப் பிடிக்கும். இல்லாத சிக்னலை உண்டாக்காது. அதனால் பணத்தை எடுப்பதற்கு முன் சிம்மோடு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள்.