நம்பிக்கைக்குரியவர் என்று பெயரெடுத்த வணிகர்

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற சொல் நம் கடைத்தெருக்களில் அடிக்கடி புழங்குவது. கொடுக்கும் மனம் உள்ளவரைப் புகழவும் அதைச் சொல்வோம். கடன் கேட்டு வருகிறவர் நம் மனத்தை இளக்கவும் அதைச் சொல்வார். ஆனால் அந்தச் சீதக்காதி நம்மைப் போல் ஒரு வணிகர் என்பதும், தம் பணத்தில் அவர் தமிழுக்கு எதை வாங்கித் தந்தார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

கீழக்கரையில் கப்பல் வைத்து வாணிபம் செய்த மரக்காயர் அவர். இயற்பெயர் செய்கு அப்துல் காதிர். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாழ்ந்தவர். இராமநாதபுரம் கிழவன் சேதுபதிக்கு நெருங்கியவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காவியமாகப் பாட வேண்டும் என்று உமறுப் புலவரை ஆதரித்தவர் இவரே. நூல் முடியும் முன்பே சீதக்காதி காலமாகிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. பிறகு பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் முன்வந்து, எஞ்சிய பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டார். அப்படி வந்ததுதான் சீறாப்புராணம். பிறப்பைக் கூறும் விலாதத்துக் காண்டம், நபித்துவத்தைக் கூறும் நுபுவ்வத்துக் காண்டம், மதீனாவுக்கு இடம் பெயர்ந்ததைக் கூறும் ஹிஜ்றத்துக் காண்டம் என்று மூன்று காண்டங்கள், 5,027 பாடல்கள். உமறுப் புலவர் எட்டயபுரத்தில் அடக்கமாகியிருக்கிறார். கோவில்பட்டிக்குச் சரக்கு எடுக்கப் போகும் நம் அன்பர்கள் ஒரு நடை போய்ப் பார்த்து வரலாம்.

நாம் அந்த மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். ஆனாலும் அந்த வரலாற்றில் வியாபாரிக்கு உரிய பங்கு மிக அதிகம் என்பதால், நம் சங்க இதழில் அதைப் பற்றி எழுதுவது பொருந்தும் என்றே எண்ணுகிறோம்.

மக்கா நகரில் விவசாயம் கிடையாது. நம் வருசநாட்டுப் பக்கம் மூலவைகையில் தண்ணீர் வந்தால் ஏதோ ஒரு வெள்ளாமை உண்டு. அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே குறைஷிக் குலத்தார் குளிர்காலத்தில் தெற்கே யமனுக்கும், கோடையில் வடக்கே சிரியாவுக்கும் ஒட்டகங்களில் சரக்கேற்றிப் போய் வந்து பிழைத்தார்கள். இந்த இரண்டு பயணங்களையும் திருக்குர்ஆனே ஓர் அத்தியாயத்தில் குறிப்பிடுகிறது. நபிகள் நாயகம் அவர்கள் அந்தக் குலத்தில் ஏறத்தாழ கி.பி. 570-ல் பிறந்தார்கள். தகப்பனார் அப்துல்லாஹ், மகன் பிறக்கும் முன்பே, வியாபாரப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் காலமாகிவிட்டார். ஆறு வயதில் தாயாரும் எட்டு வயதில் பாட்டனாரும் போய்விட, சிறிய அளவில் வியாபாரம் செய்துவந்த பெரிய தகப்பனார் அபூதாலிப் வளர்த்தார்.

இருபது வயதையொட்டி நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். யமன் நாட்டு ஸபீத் ஊரிலிருந்து ஒரு வியாபாரி மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்தார். ஆஸ் பின் வாயில் என்ற பெரிய மனிதர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்துவிட்டார். வெளியூர்க்காரருக்கு அங்கே கேட்க நாதியில்லை. பல குலத்தலைவர்களிடம் போய்ப் பார்த்தார். எல்லோரும் உள்ளூர்ப் பெரியவர் பக்கமே நின்றார்கள். கடைசியில் கஅபாவுக்கு அருகிலுள்ள அபூகுபைஸ் மலை மேல் ஏறி நின்று, ஊர் கேட்கத் தம் வழக்கைக் கூவிச் சொன்னார். அதைக் கேட்டு மனம் பொறுக்காத சில குலத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவர் வீட்டில் கூடினார்கள். உள்ளூராயினும் வெளியூராயினும், அநியாயம் செய்யப்பட்டவர் பக்கம் எல்லோரும் ஒன்றாக நிற்பது என்று உறுதிமொழி எடுத்தார்கள். நேராக ஆஸிடம் போய்ச் சரக்குக்குரியதை மீட்டும் கொடுத்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று இதற்குப் பெயர். அந்தக் கூட்டத்தில் இளைஞராக நபிகள் நாயகமும் இருந்தார்கள். பிற்காலத்தில் நபியான பிறகும், அப்படி ஓர் உடன்படிக்கைக்கு இன்று அழைத்தாலும் வருவேன் என்ற கருத்தில் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள்.

வராத பாக்கி ஒன்றுக்காக ஓர் ஊர் கூடியது! சங்கம் எதற்கு, சந்தா எதற்கு என்று கேட்கும் நம் இளைய வியாபாரிகள் இதைப் படிக்க வேண்டும். அந்தக் கூட்டம் கூடியது உள்ளூர் வியாபாரியைக் காப்பாற்ற அல்ல, உள்ளூர் வியாபாரியிடமிருந்து வெளியூர்க்காரரைக் காப்பாற்ற என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கதீஜா அம்மையார் கணவரை இழந்தவர், பெரிய வணிகர். தாமே பயணம் போகாமல், நம்பிக்கையான ஆட்களிடம் சரக்கைக் கொடுத்து, இலாபத்தில் பங்கு தருவார். நபிகள் நாயகம் அவர்கள் மைசரா என்ற பணியாளருடன் அவர் சரக்கைச் சிரியாவுக்குக் கொண்டுபோய், நல்ல இலாபத்தோடு திரும்பினார்கள். கூடப்போன மைசரா, அவர்கள் நடந்துகொண்ட விதத்தை எஜமானியிடம் சொன்னார். கணக்கையும் குணத்தையும் பார்த்த கதீஜா அம்மையாரே திருமணப் பேச்சைத் தொடங்கினார். அப்போது நபிகளுக்கு வயது 25. அம்மையாருக்கு 40 என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. மக்கா மக்கள் அவர்களை 'அல் அமீன்', அதாவது நம்பிக்கைக்குரியவர் என்று அழைத்தார்கள். இந்தப் பெயர் வந்தது நபித்துவத்துக்கு முன்பு என்பதைக் கவனிக்க வேண்டும். போதனை செய்து எடுத்த பெயரல்ல. கொடுக்கல் வாங்கலில் எடுத்த பெயர்.

40-ஆம் வயதில், கி.பி. 610-ல், ஹிரா குகையில் இறைச்செய்தி வந்தது. முதலில் நம்பியவர் கதீஜா அம்மையார். இறைவன் ஒருவனே, ஏழையையும் அனாதையையும் விரட்டாதீர்கள், அளவையில் குறைக்காதீர்கள் என்ற போதனை மக்காவின் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்கவில்லை. அளவையில் மோசம் செய்வோருக்கென்றே குர்ஆனில் தனி அத்தியாயம் இருக்கிறது. எதிர்ப்பு முற்றி, நபிகளின் குலத்தாரிடம் பெண் கொடுப்பதில்லை எடுப்பதில்லை, விற்பதில்லை வாங்குவதில்லை என்று எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அது நீடித்தது. கதீஜா அம்மையாரின் சகோதரர் மகன் ஹகீம், அத்தைக்காகக் கோதுமை கொண்டுபோனபோது வழியில் மறித்துத் தகராறு செய்தார்கள். அந்தப் புறக்கணிப்பு முடிந்த சிறிது காலத்தில், 619-ல், அபூதாலிபும் கதீஜா அம்மையாரும் காலமானார்கள்.

622-ல் நபிகளைக் கொன்றுவிடத் திட்டமிட்டார்கள். இரவோடு இரவாக மதீனாவுக்குப் புறப்பட வேண்டிய நிலை. அந்த நேரத்திலும் மக்காவாசிகள் பாதுகாப்புக்காகக் கொடுத்துவைத்த பொருள்கள் நபிகளின் வீட்டில் இருந்தன! அவர் போதனையை ஏற்காதவர்களும், அவரவர் பொருளை வைக்க அவர் வீட்டைத்தான் தேடியிருக்கிறார்கள். நபிகள் அவற்றை எடுத்துச் செல்லவில்லை. தம் சிறிய தகப்பனாரின் மகன் என்று தவறாகச் சிலர் எழுதும், உண்மையில் அபூதாலிபின் மகனான அலியை ஊரில் நிறுத்தி, உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரச் சொன்னார்கள். அவரும் அவ்வாறே முடித்துவிட்டுப் பின்னால் வந்து சேர்ந்தார்.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தவர்களில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் ஒருவர். உள்ளூர் நண்பர் தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். அவரோ, உங்கள் சொத்து உங்களுக்கே இருக்கட்டும், சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள் என்றார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியவர், பின்னர் பெரும் செல்வந்தரானார். மளிகைக்காரர்கள் மனத்தில் வைக்கத்தக்க ஆள்.

நபிகள் தாமும் சந்தையைச் சுற்றி வருவார்கள். ஒருநாள் தானியக் குவியல் ஒன்றில் கையை விட்டார்கள், விரலில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் கடைக்காரர். அப்படியானால் வாங்குகிறவர் கண்ணில் படும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். மயிலாடும்பாறையில் புளியும் இலவம் பஞ்சும் வாங்கி விற்கும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மேலே காய்ந்த புளி, நடுவே தண்ணீர் தெளித்த புளி என்று ஒரு லோடு நமக்கும் வந்ததுண்டு. அனுப்பியவர் பெயர் இங்கே வேண்டாம். குத்தூசி கண்டுபிடித்ததற்குக் காரணமே அந்த நடு மூட்டைதான்.

இன்னும் இரண்டு கட்டளைகள் நம் மலையடிவாரத்துக்கு நேராகப் பொருந்துவன. சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே எதிர்கொண்டு போய் வாங்குவதை நபிகள் தடுத்தார்கள். சந்தை நிலவரம் தெரியாத ஆளிடம் குறைந்த விலைக்கு வாங்குவதாக அது முடியும். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையைத் தெரிந்துகொண்டால், வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. மற்றொன்று, காய் தேறுமா தேறாதா என்று தெரியும் முன்பு மரத்தோடு விலை பேசக்கூடாது என்பது. விளைச்சல் பொய்த்துப்போனால் சகோதரன் பணத்தை எந்த நியாயத்தில் எடுத்துக்கொள்வாய் என்பது அவர்கள் கேள்வி. பூவிலேயே மரத்துக்கு விலை பேசி முன்பணம் கொடுப்பது நம் பகுதியில் புளிக்கும் இலவுக்கும் நடப்பதுதான். கஷ்டகாலத்தில் விவசாயிக்குக் கைப்பணம் கிடைக்கிறதே என்பார்கள், அது உண்மையே. ஆனால் அந்த அவசரத்தை வைத்துத்தான் விலையும் குறைகிறது. காய் பிடித்த பிறகு பேசினால் இரு தரப்புக்கும் கணக்கு தெரியும் என்பது நம் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

630-ல் மக்கா நகரமே நபிகள் வசம் வந்தது. பழைய எதிரிகளில் பெரும்பாலோரை மன்னித்துவிட்டார்கள். 632-ல் மதீனாவில் காலமானார்கள். சீறாப்புராணம் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. பின்பகுதியைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா என்று பாடினார். அரேபியாவின் பெரும்பகுதி தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த அந்நாளில், நபிகளின் போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. வீட்டுச் செலவுக்காக வாங்கிய முப்பது ஸாவு வாற்கோதுமைக்கு அது ஈடு. ஸாவு என்பது நம் படி போல ஒரு முகத்தலளவை.